பாரிஸ் சமாதானமும் வடக்கூர் பஸ்ஸும்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். பட்டா மாறுதல் பற்றியோ நில அளவை பற்றியோ கேட்டால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன். அதெல்லாம் பழகினால் வரும். வராவிட்டாலும் கீழே இருப்பவர் செய்துவிடுவார். யாரும் கற்றுத்தராமல் உங்கள் தலையில் வந்து விழப்போகிற வேலை வேறு ஒன்று இருக்கிறது. அமைதிப் பேச்சுவார்த்தை என்று அதற்கு அரசு பெயர் வைத்திருக்கிறது. இரண்டு தரப்பு அடித்துக்கொள்ளும். போலீஸ் வந்து பிரித்துவிடும். பிரித்த கையோடு, மீதியைத் தாசில்தார் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடும். அந்தத் தாசில்தாராக ஒருநாள் நீங்கள் இருப்பீர்கள். ஓய்வு பெற்றுச் சங்கரன்கோவிலில் வீட்டோடு கிடக்கிற எனக்கு இப்போது பயப்பட மேலதிகாரி இல்லை. அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் தாசில்தாராக இருந்தபோது நடந்தது இது, ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் கரிசல் காட்டுக்குள் போகும் ஒரு சாலை, ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். அந்த இடத்துக்கு விலக்கு என்று பெயர். இந்தப் பக்கம் போனால் வடக்கூர், அந்தப் பக்கம் போனால் தெக்கூர். டவுன் பஸ் இரவில் வடக்கூரில் தங்கும். விடிகிற நேரத்தில் அங்கிருந்து கிளம்பி, தெக்கூருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, சங்கரன்கோவிலுக்கு வரும். பஸ்ஸின் நெற்றியில் வடக்கூர் என்று போர்டு இருக்கும். பல காலமாக இப்படித்தான் ஓடியது. திடீரென்று தெக்கூருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஓடுகிற பஸ்ஸுக்கு அடுத்த ஊர்ப் பெயர் எதற்கு, இனி ராத்தங்கல் எங்கள் ஊரில்தான் என்றார்கள். வடக்கூர்க்காரர்கள் சிரித்தார்கள். சிரித்ததுதான் தப்பு. ஒரு மாலையில் கல் பறந்தது, பஸ்ஸின் முன்கண்ணாடி நொறுங்கியது, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. எழுத்துப்பூர்வமாகச் சமாதானம் ஆகும் வரை பஸ் வராது என்று பணிமனை மேலாளர் சொல்லிவிட்டார்.

வடக்கூர்ப் படைக்குத் தலைவர் சண்முகையா, ஊராட்சியில் முன்னாள் தலைவர். தெக்கூருக்குக் கோமதிநாயகம், உரக்கடைக்காரர். இருவரும் அந்தப் பஸ்ஸில் கடைசியாக எப்போது ஏறினார்கள் என்று அவர்களுக்கே நினைவில்லை. இரண்டு ஊரிலும் சண்டைக்கு வந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பைக்கில்தான் சண்டைக்கே வந்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பூக்காரப் பெண்களும்.

அவர்களில் ஒருவர் பேச்சியம்மாள். இரண்டு ஊர்த் தோட்டங்களிலும் மல்லிகை மொட்டு வாங்கி, ஈரச் சாக்கில் கட்டி, முதல் பஸ்ஸில் ஏற்றிச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் சேர்ப்பது அவர் பிழைப்பு. பஸ் நின்ற பிறகு கல்லுக்குப் பயந்து ஆட்டோக்காரர்களும் வரவில்லை. வடக்கூர்ப் பையன்கள், தெக்கூர்ப் பூவை நாங்கள் சுமப்பதா என்று பைக்கில் ஏற்ற மறுத்தார்கள். தெக்கூர்ப் பையன்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அவர் எப்படியோ மார்க்கெட் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருக்கும், மொட்டு பாதி விரிந்திருக்கும். ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பஸ் வராவிட்டால் அவருடைய இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த அம்மாள் தினமும் என் அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரே கேள்விதான். "ஐயா, ஒங்க சண்ட எப்ப முடியும்? பூவு காத்துக் கெடக்காதுல்லா." அது என் சண்டை இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு சப் கலெக்டர் வந்து சேர்ந்தார். இளம் பெண். வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தேர்வு எழுதி வந்தவர். வரலாறு படித்த அதிகாரிகளிடம் ஒரு சங்கடம் உண்டு. எதைச் சொன்னாலும், இது முன்பே ஐரோப்பாவில் நடந்திருக்கிறது என்பார்கள். வடக்கூர் தெக்கூர் கதையைக் கேட்டதும் மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "சார், இது அப்படியே கிரிமியப் போர்" என்றார்.

ஜீப்பில் போகும் வழியெல்லாம் சொன்னார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் ஒரு பக்கம் ரஷ்யா, மறுபக்கம் துருக்கி, பிரான்ஸ், இங்கிலாந்து. சண்டைக்கு ஆரம்பம் என்ன தெரியுமா என்று கேட்டார். பெத்லகேம் தேவாலயத்தின் சாவி எந்தச் சாமியாரிடம் இருக்க வேண்டும் என்ற தகராறாம். உள்ளுக்குள் வேறு கணக்குகள் இருந்தாலும் வெளியே சொல்லிக்கொள்ள அந்தச் சாவிதான் இருந்தது. லட்சக்கணக்கில் செத்தார்கள், குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் காலராவில் செத்தவர்கள் அதிகம் என்றார். கடைசியில் பாரிஸில் உட்கார்ந்து பேசி முடித்தார்களாம். ராஜாக்களே சாவிக்கு அடித்துக்கொண்டால், நம் ஆட்கள் போர்டுக்கு அடித்துக்கொண்டது அப்படியொன்றும் கேவலமில்லை என்று எனக்குத் தெம்பு வந்தது.

பாரிஸில் செய்ததையே நாமும் செய்வோம் என்று மேடம் முடிவு கட்டினார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதுவரை நான் போட்ட அமைதிக் கூட்டங்கள் எல்லாம் சத்தம் போட்டு, மிரட்டி, டீ கொடுத்து அனுப்பிய கூட்டங்கள். ஒரு தடவையாவது ஐரோப்பிய முறையில் செய்வோமே.

முதல் தேவை வட்ட மேசை. வட்டத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது, அதனால் யார் பெரியவன் என்ற கேள்வி எழாது என்பது பாரிஸ்காரர்களின் யோசனை. நம் அலுவலகத்தில் இருக்கும் மேசைகளின் வடிவம் உங்களுக்கே தெரியும். கல்யாண மண்டபம் ஒன்றில் சொல்லி, பஃபே பந்திக்குப் போடும் பெரிய வட்ட மேசையை வரவழைத்தோம். சிவப்பு சாட்டின் துணி, சுற்றிலும் தங்கநிறக் குஞ்சம். தெக்கூர்ப் பெரியவர் ஒருவர் உள்ளே நுழைந்து அதைப் பார்த்தார், பேசாமல் வெளியே போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வட்டத்துக்குத் தலை இல்லாவிட்டாலும் மின்விசிறிக்கு முகம் உண்டு என்பதை ஐரோப்பாவில் யோசித்திருக்க மாட்டார்கள். அங்கே குளிர். எங்கள் அறையில் இருந்தது ஒரே ஒரு சுவர் விசிறி. கோமதிநாயகம் அதன் நேர் எதிரே அமர்ந்துவிட்டார். சண்முகையா உட்கார மறுத்தார். காற்று வாங்குகிறவன் பெரிய ஆளா, வேர்க்கிறவன் சின்ன ஆளா என்றார். விசிறியை ஆடவிட்டோம். அது கிழ விசிறி, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக நின்றது. கடைசியில் நான் போய் விசிறியையே நிறுத்தினேன். எல்லோருக்கும் வேர்த்து வடிந்தது, எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பேச்சு தொடங்கும்போது மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். சண்டையன்று அவர் ஊர்ப் பையன்கள் இருவர் தெக்கூருக்காகக் கல் எறிந்தார்களாம், அதனால் தங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டுமாம். நான் விரட்டப் போனேன். மேடம் என் காதருகே குனிந்து, "உட்கார வைங்க சார், இவர்தான் சர்தீனியா" என்றார். இத்தாலிப் பக்கம் சர்தீனியா என்று ஒரு சின்ன நாடு, சமாதான மேசையில் இடம் பிடிப்பதற்காகவே சம்பந்தமில்லாத போருக்குப் படை அனுப்பியதாம். சர்தீனியா கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. இரண்டு டீ குடித்தது.

ஒப்பந்தம் நன்றாகவே வந்தது. ராத்தங்கல் ஒரு வாரம் வடக்கூரில், ஒரு வாரம் தெக்கூரில். போர்டில் இரண்டு பெயரும் இருக்கும், எந்த ஊரில் தங்குகிறதோ அந்த ஊர் அந்த வாரம் முதலில். ஒப்பந்தத்தில் யார் பெயர் முதலில் என்று மறுபடி கிளம்பியபோது மேடம் பாரிஸிலிருந்து இன்னொரு வித்தையை எடுத்தார். அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிரதியாம், அவரவர் பிரதியில் அவரவர் பெயர் முதலில். அப்படியே இரண்டு பிரதி அடித்தோம். வடக்கூருக்குக் கொடுத்ததில் வடக்கூர் முன்னால், தெக்கூருக்குக் கொடுத்ததில் தெக்கூர் முன்னால். பாரிஸில் கழுகு இறகுப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்களாம். நாங்கள் என்னுடைய பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்தோம், அது திரும்பி வரவில்லை.

மேடத்துக்கு எல்லாவற்றையும்விடப் பெருமை ஒன்றில்தான். பாரிஸ் உடன்படிக்கையைப் படிக்கிறவனுக்குப் போரில் ஜெயித்தது யார், தோற்றது யார் என்று பிடிபடாதாம். தோற்ற ரஷ்யாவும் தலை நிமிர்ந்து வீடு திரும்பியது என்றார். எங்கள் ஒப்பந்தமும் அப்படித்தான், யாரும் தோற்கவில்லை என்று இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம். நாளை மாலை பஸ் வருகிறது என்று வராந்தாவில் இருந்த பேச்சியம்மாளிடம் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் விடிந்தால் முதல் முகூர்த்தம். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "வந்த பொறவு பாப்பம்" என்று எழுந்து போனார்.

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் கவனம் வேண்டும். யாரும் தோற்கவில்லை என்றால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஜெயித்தவன் நம் ஊரில் சும்மா இருப்பானா?

மறுநாள் மாலை விலக்குக்குப் போய் இறங்கினேன். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ், அந்தப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ், இரண்டும் பனைமர உயரம். வடக்கூர் ஃப்ளெக்ஸில் சண்முகையா கும்பிட்டபடி நின்றார், பேருந்து காத்த மாவீரருக்கு நன்றி. தெக்கூர் ஃப்ளெக்ஸில் கோமதிநாயகம் கையசைத்தபடி நின்றார், பேருந்து மீட்ட பெருவீரருக்கு நன்றி. அதோடு விட்டார்களா? ஆதாரம் காட்டுவதற்காக, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை அப்படியே படம் பிடித்துக் கட்டில் அகலத்துக்கு அச்சடித்திருந்தார்கள். ஒரு பக்கம் வடக்கூர் முதலில், எதிர்ப்பக்கம் தெக்கூர் முதலில். இரண்டிலும் என் கையெழுத்து.

பாரிஸ் மாநாடு நடந்த காலத்தில் ஃப்ளெக்ஸ் கிடையாது. அவரவர் பிரதியை அவரவர் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டார்கள், அதனால் பிழைத்தார்கள்.

நான் போனபோது இரண்டு கூட்டமும் மற்றவன் ஃப்ளெக்ஸைப் படித்து முடித்திருந்தது. கள்ளப் பத்திரம் அடித்தது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபுறமும் கொட்டு, இருபுறமும் சரவெடி, நடுவே பைக்குகள். சில கைகளில் கம்பு. என் பக்கம் இரண்டு போலீஸ்காரர்கள், அதில் ஒருவர் லீவு கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் பின்பக்கமாக எடுக்கப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. சாலையோரம் காலிச் சாக்குகளை மடித்துக் கையில் வைத்தபடி பேச்சியம்மாள் நின்றார். அவர் இரண்டு ஃப்ளெக்ஸையும் பார்க்கவில்லை, பஸ்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பிப் போனால் மறுநாள் முகூர்த்தமும் போச்சு, மார்க்கெட்டில் அவர் இடமும் போச்சு.

மேடத்துக்குப் போன் போட்டேன், டவர் இல்லை. விளக்கம் சொல்லலாமா என்று யோசித்தேன். இரண்டு பிரதி என்பது ஐரோப்பிய வழக்கம் என்று அந்தக் கூட்டத்திடம் சொல்லியிருந்தால் உங்களிடம் பேச இன்று நான் இருந்திருக்க மாட்டேன். ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்று பட்டது. இருவரும் ஜெயித்ததால்தானே இந்தச் சண்டை. இருவரையும் தோற்கடித்துவிட வேண்டியதுதான்.

ஜீப்பின் முன்பக்கம் ஏறி நின்று சத்தமாகச் சொன்னேன். ஒப்பந்தம் ரத்து. ராத்தங்கல் வடக்கூருக்கும் கிடையாது, தெக்கூருக்கும் கிடையாது. பஸ் தினமும் இரவு டவுனுக்கே போய்விடும். விடியும்போது இந்த விலக்கு வரைக்கும் வரும், இங்கேயே திரும்பிவிடும். ஊருக்குள் வராது. வேண்டுமென்றால் இரண்டு ஊரும் நடந்து வந்து ஏறட்டும். போர்டில் ஊர்ப் பெயரே இருக்காது, விலக்கு என்று இருக்கும். இதெல்லாம் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்காதீர்கள். ஒரு துளியும் கிடையாது.

கொட்டு நின்றது. முதலில் சண்முகையாதான் பேசினார். "ஏன்வே, இருந்ததயும் புடுங்குததுக்கா எங்களக் கூப்ட்டு வட்ட மேசையில ஒக்கார வச்சீரு?"

எதிர்ப்பக்கத்திலிருந்து கோமதிநாயகம், "அண்ணாச்சி சொல்லுதது சரிதானவே. ஒம்மள யாரு பஞ்சாயத்துக்குக் கூப்ட்டா?" என்றார்.

அண்ணாச்சி என்றதைக் கவனித்தீர்களா? கொஞ்ச நேரம் முன்புகூட அவர் சண்முகையாவைக் குறிப்பிட்ட சொல்லை அச்சில் ஏற்ற முடியாது. அதன் பிறகு இருபுறமும் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். ஒரு செருப்பும் வந்து ஜீப்பில் விழுந்தது. அது எந்த ஊர்ச் செருப்பு என்று இன்று வரை தெரியாது. என்னைத் திட்டுவதற்கு வசதியாக இரண்டு கூட்டமும் சாலையின் நடுவே நெருங்கி ஒரே கூட்டமாகி நின்றன, கம்புகள் ஜீப்பைப் பார்த்துத் திரும்பின. நான் டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னேன். போகிற வழியில் பஸ் டிரைவரிடம், காலையில் விலக்கு வரை வந்து திரும்பினால் போதும், ஒரு கல்லும் விழாது, விழுந்தால் என் மேல்தான் விழும் என்றேன். டவர் கிடைத்ததும் பணிமனை மேலாளரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். ராத்தங்கல் இல்லை என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் விடியும்போது பஸ் வந்தது. பேச்சியம்மாள் மொட்டுச் சாக்குகளைத் தலையில் சுமந்து விலக்குக்கு நடந்துவந்து ஏற்றினார். ஏலத்துக்கு முன்பே மார்க்கெட் போய்ச் சேர்ந்தார் என்று எனக்குத் தகவல் வந்தது. அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் சப் கலெக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு மனு. பொதுமக்களை நயவஞ்சகமாக ஏமாற்றிய தாசில்தாரை உடனே இடமாற்றம் செய்யக் கோரி வடக்கூர், தெக்கூர் பொதுமக்கள் சேர்ந்து கொடுத்தது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "யார் கொண்டுவந்து கொடுத்தாங்க தெரியுமா சார்? சண்முகையாவும் கோமதிநாயகமும். ரெண்டு பேரும் ஒரே பைக்ல வந்தாங்க."

பிறகு கொஞ்சம் தயங்கி, பாரிஸ் கதையில் இரண்டு விஷயங்களை எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒன்று, கருங்கடல். அதில் ரஷ்யாவும் போர்க்கப்பல் வைத்துக்கொள்ளக்கூடாது, துருக்கியும் வைத்துக்கொள்ளக்கூடாது என்று எழுதினார்களாம், ஜெயித்தவனிடமும் பிடுங்கினார்கள். இன்னொன்று, ஆஸ்திரியா. அது யாரையும் சுடாமல், நடுவில் நின்று, நெருக்கடி கொடுத்து, ரஷ்யாவைச் சமாதானத்துக்கு இழுத்து வந்ததாம். முடிந்த பிறகு ரஷ்யாவும் அதை மன்னிக்கவில்லை, மற்றவர்களும் அதை மதிக்கவில்லை, ஐரோப்பாவில் ஒரு நண்பன் இல்லாமல் போனதாம். "நீங்க ஆஸ்திரியா ஆயிட்டீங்க சார். நான் உங்களை மாத்தித்தான் ஆகணும். மாத்தலேன்னா, சேர்ந்து கேட்டும் ஒண்ணும் நடக்கலேன்னு மறுபடி எதுக்காவது அடிச்சுக்குவாங்க." அவர் சொன்னது நியாயம்தான், ஆனாலும் எனக்கு வலித்தது. முப்பது பேருக்குக் கட்டளையிட்டவனை, கோப்புகளும் கரையான்களும் மட்டும் இருக்கும் ஒரு பிரிவுக்கு அனுப்பினார்கள். உங்களில் யாராவது ஒருவருக்கு எதிராக இப்படி ஒரு மனு வரும்போது, சண்டை போட்ட இரண்டு தரப்பின் கையெழுத்தும் அதில் கலந்து கிடந்தால், வருத்தப்படுங்கள், ஆனால் மறுத்துப் பேசாதீர்கள். கருங்கடல் பற்றிய அந்த ஷரத்தை ரஷ்யாவே பதினைந்து வருடத்துக்குள் கிழித்துப் போட்டதாம். நம்முடைய சமாதானம் அதுவரை தாங்கினாலே பெரிது.

அந்த மனுவை நான் முழுக்கப் படித்தேன். கையெழுத்துகளில் பேச்சியம்மாள் பெயரும் இருந்தது.

புது இடத்தில் சேர்வதற்கு முந்தின நாள் காலை பூ மார்க்கெட் பக்கம் போனேன். அவர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, மொட்டுகளைப் படியால் அளந்து போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை, கையும் நிற்கவில்லை. நான் எதுவும் கேட்காமலேயே அவர் சொன்னார்.

"நானும் போட்டேன்யா. போடாட்டா ரெண்டு ஊர்லயும் எனக்குப் பூ குடுக்க மாட்டாவல்லா."

சரிதான் என்றேன்.

"கோவிச்சுக்கிடாதிய. நீங்க செஞ்சது நல்லதுன்னு ரெண்டு ஊருக்கும் தெரியும். யாராச்சும் வாயத் தொறந்து சொல்லிட்டா மறுபடி கல்லெடுத்துருவாவ. அதான் எல்லாரும் சேந்து ஒங்கள வைஞ்சிக்கிட்டே இருக்கோம்."

பிறகு அடுத்த சாக்கை அவிழ்த்தார்.